முதலாளிகளின் மீன்களை எடைபோட்ட விநாயகமூர்த்தி

1993ஆம் ஆண்டில், தாசேக் கெம்பாரா வேட்டை, மீன்பிடிக் கழகம் தன் இருபதாண்டு நிறைவையொட்டி வழவழப்பான தாளில் ஒரு மலர் வெளியிட்டது. மொத்தம் தொண்ணூற்றாறு பக்கங்கள். நாற்பத்தொரு பக்கங்களில் விளம்பரங்கள். ஏறத்தாழ இருபது பக்கங்களில் தலைவர்களின் நிழற்படங்கள். ஏரிக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது. கழகத்தின் எடைப் புத்தகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் கையெழுத்திட்ட மனிதரின் பெயர் அம்மலரில் ஓரிடத்திலும் இல்லை. தவறுதலாக விடுபட்டிருக்குமோ என்று இருமுறை படித்துப் பார்த்தேன். தவறுதல் அன்று. எனவே, விடுபட்டதை முறைப்படி இங்கே எழுதுகிறேன்.

பூச்சோங்கிலிருந்து டெங்கில் செல்லும் பழைய சாலையோரம், ஈயம் தோண்டியவர்கள் விட்டுச்சென்ற பெருங்குழி ஒன்று மழைநீர் நிரம்பிக் கிடந்தது. பக்கத்துக் கம்பத்து ஊர்மக்கள் அதைக் குட்டை என்றே அழைத்தனர். 1973இல் பன்னிரண்டு தொழிலதிபர்கள் கூடி அதனை வாங்கினர். வாங்கிய மறுநாளே அது ஏரியாயிற்று. கரையில் பதினான்கு அறைகள் கொண்ட மாளிகை எழுந்தது. படகுத்துறை அமைந்தது. ஏரியில் மீன் ஒன்றுதான் இல்லை. அதையும் லோரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டினர். லோரியில் வந்த மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதே இவர்களுடைய வீரவிளையாட்டு.

கழகத்தின் பெயரில் வேட்டையும் உண்டு. அந்த வேட்டை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபெற்றது. காட்டுப்பன்றி ஒன்றை நோக்கிச் சுடப்பட்ட குண்டு கழகத்தின் புதிய தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது. ஓடிய பன்றி திரும்பி வந்து, ஒழுகிய தண்ணீரைக் குடித்துவிட்டுச் சென்றது. அன்று முதல் துப்பாக்கிகள் கண்ணாடி அலமாரியில் ஓய்வெடுத்தன.

பன்னிருவருள் நால்வரே முதன்மையானவர்கள். ஒருவர் கிள்ளானில் ஆணி செய்தார். ஒருவர் பெட்டாலிங் ஜெயாவில் கார் பேட்டரி செய்தார். மூன்றாமவர் பிஸ்கட் செய்தார். நான்காமவரான பழனியப்பன் சவர்க்காரம் செய்தார். ஏனைய எண்மரும் இந்நால்வரிடம் எதையேனும் விற்பவர்கள், அல்லது வாங்குபவர்கள். கழக ஊழியர்கள் முதலாளிகளை அவரவர் செய்த பொருளின் பெயராலேயே தமக்குள் குறிப்பிட்டு வந்தனர். வசதி கருதி நானும் அவ்வாறே செய்கிறேன்.

நால்வருக்கும் தலைவராக வேண்டும் என்ற ஆசை இருந்தது. தலைவருக்கு மேட்டிலிருந்த தனி பங்களா ஓராண்டுக்கு உரியது. விருந்தினராக வரும் அதிகாரிகளுக்குப் பக்கத்து நாற்காலியும் அவருக்கே. வாக்கெடுப்பு வைத்தால் எண்மரும் யார் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நோய்வாய்ப்படுவர். எனவே, ஆகஸ்டு மாதத்து முதல் ஞாயிறன்று போட்டி வைத்து, மிக எடையுள்ள மீனைப் பிடித்தவர் அவ்வாண்டின் தலைவர் என்று விதி செய்தனர். முதலாண்டில் நால்வரும் தத்தம் தொழிற்சாலைத் தராசுகளைக் கொண்டுவந்தனர். ஒரே மீன் பிஸ்கட் தராசில் பதினொரு ராத்தலும், ஆணித் தராசில் பதினான்கு ராத்தலும் நிறைகொண்டது. தராசு எப்படிப் பொய் சொல்லும் என்பதை நால்வரும் தொழில்முறையில் நன்கறிந்தவர்கள். ஆகையால் ஒருவர் தராசை மற்றவர் நம்பவில்லை. அவ்வாண்டு முழுவதும் கழகம் தலைவரில்லாமலே நடந்தது. ஒரு குறையும் நேரவில்லை. ஆயினும் மறு ஆண்டு, வெளியாள் ஒருவரை எடைபோட அமர்த்துவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. இவர்கள் செய்த பெருந்தவறு அதுவே. நாணயமானவராகத் தேடினர், தேடியபடியே ஒருவர் கிடைத்துவிட்டார்.

சிவசம்பு விநாயகமூர்த்தி, கோலாலம்பூர் இரயில் நிலையத்தின் பொதிப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் எடைக் குமாஸ்தாவாகப் பணியாற்றியவர். ஒல்லியான உடல், வெள்ளைக் காற்சட்டை, சட்டைப்பையில் மைப்பேனா. ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்குமுன் முத்திரையிட்ட படிக்கற்களை வைத்துத் தராசைச் சோதிப்பார். எந்தப் பொதியையும் மூன்று முறை நிறுப்பார். நிறுக்குமுன், "உள்ளே என்ன இருக்கிறது?" என்று அனுப்புபவரைக் கேட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொள்வார். ஐயம் தோன்றினால் பிரித்துப் பார்ப்பார். தம் சொந்த மைத்துனர் அனுப்பிய மாம்பழக் கூடையையும் அவர் பிரித்துப் பார்த்ததால், அந்த மைத்துனர் பதினோராண்டுகள் அவருடன் பேசவில்லை.

1974இல் அவருக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்தது. ஓய்வுபெற்றதும் பிரிக்ஃபீல்ட்ஸ் இரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டை மூன்று மாதங்களில் காலிசெய்ய வேண்டும். அவருக்கும் மனைவி சிவமலருக்கும் பிள்ளைகள் இல்லை. இந்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ சொந்தமாக ஒரு கூரையும் இல்லை. ஓய்வூதியம் சோற்றுக்குப் போதும், வாடகைக்குப் போதாது. அந்நேரத்தில்தான் கழகத்தின் அழைப்பு வந்தது. வேலை ஆண்டுக்கு ஒருநாள் போட்டியும் மற்ற நாள்களில் கிடங்குப் பொறுப்பும், ஊதியம் சொற்பம், ஆனால் ஏரிக்கரையில் இரண்டு அறைகள் கொண்ட பலகை வீடு ஒன்று, வேலையிலிருக்கும்வரை இலவசம். வேலையிலிருக்கும்வரை என்பதைச் சிவமலர் இருமுறை வாசித்தார். பிறகு பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினார்.

அவ்வாண்டுப் போட்டியில் ஆணி முதலாளியின் மீன் முதலில் வந்தது. தட்டில் வைத்தபோது 'கிளிங்' என்று ஒலித்தது. விநாயகமூர்த்தி வழக்கம்போல் ஆங்கிலத்தில் கேட்டார்: "உள்ளே என்ன இருக்கிறது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். ஆணி முதலாளியும் சிரித்தார். "மீனுக்குள் மீன்தான் இருக்கும்."

"உள்ளடக்கம்: மீன்" என்று எழுதிக்கொண்டு, விநாயகமூர்த்தி கத்தியை எடுத்தார். இரண்டங்குல ஆணிகள் மூன்றேகால் ராத்தல் வெளிவந்தன. அவற்றைக் கழுவித் துடைத்துத் தனியே நிறுத்துப் பொட்டலமாகக் கட்டி, முதலாளியிடம் நீட்டினார். கூடவே ஒரு துண்டுத் தாளையும் நீட்டினார். "உங்கள் பொருள் உங்களிடம் வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து."

மொத்த எடையிலிருந்து ஆணியைக் கழித்ததும் பிஸ்கட் முதலாளி தலைவரானார். அன்று மாலையே, எடைபோடுபவரை நீக்க வேண்டும் என்று ஆணி முதலாளி தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்த்துப் பதினொருவர், ஆதரித்து ஒருவர். அக்கூட்டக் குறிப்பில் நேர்மை என்னும் சொல் ஒன்பது முறை வருகிறது.

அடுத்த ஆண்டு, பேட்டரி முதலாளியின் மீனிலிருந்து ஈயத் தகடுகள் வந்தன. அவர் நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தபோது, முதல் ஆளாக எழுந்து நேர்மையைப் பற்றி உருக்கமாகப் பேசியவர் ஆணி முதலாளி. அதற்கடுத்த ஆண்டு, பிஸ்கட் முதலாளியின் மீனுக்குள் பிசைந்த மாவு இருந்தது. வெயிலில் மாவு புளித்து உப்பி, எடைக்கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் மீன் பலூன்போல் ஆகிவிட்டது. இவர்கள் பொய்யிலும் சொந்தத் தயாரிப்பையே பயன்படுத்தினர் என்பதை இங்கே பாராட்டியாக வேண்டும்.

1977இல் சவர்க்கார முதலாளி பழனியப்பனின் முறை வந்தது. தட்டில் வைத்த மீனின் வாயிலிருந்து வெண்ணுரை பொங்கி வழிந்தது.

"இது என்ன நுரை, ஐயா?" என்று விநாயகமூர்த்தி கேட்டார்.

"வலிப்பு வந்திருக்கும்."

"செத்த மீனுக்கோ?"

"சாகும்போது வந்ததுய்யா! நீங்க எடையப் போடுங்க."

உள்ளேயிருந்து மூன்று கட்டிகள் வந்தன. கரைந்தது போக எஞ்சிய பகுதியில் பழனியப்பன் தொழிற்சாலையின் முத்திரை தெளிவாக இருந்தது. பழனியப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"மூர்த்தி, நானும் தமிழன், நீங்களும் தமிழர். இந்தச் சீனத் தவுக்கே முதலாளிங்க மத்தியில நம்மாளு ஒருத்தன் மேல வரக்கூடாதா? சவுக்காரத்தையும் சேத்து எழுதினா என்ன?"

"தமிழருக்கெண்டு தனித் தராசு இரயில்வேயில குடுக்கேல்லை, ஐயா. இதில கையெழுத்துப் போடுங்கோ. சவர்க்காரம், மூண்டு."

இவ்வாறு ஆண்டுதோறும் பிடிபட்டவர் ஒருவர், காப்பாற்றியவர் மூவர் என்று விநாயகமூர்த்தியின் வேலை நிலைத்தது. அவர் அதைத் தம் நேர்மைக்குக் கிடைத்த மதிப்பு என்று கருதினார். சிவமலர் அவ்வாறு கருதவில்லை. அந்த வீடு நிற்பது தம் கணவரின் நேர்மையின்மேல் அன்று, முதலாளிகளின் சண்டையின்மேல் என்பதை முதலாண்டிலேயே அவர் கண்டுகொண்டார். மற்றவர்கள் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல், சிவமலர் சண்டை நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி கொண்டுவருபவர் கழகத்தின் சமையற்காரி நேசம்மா.

"என்ன நேசம்மா, இண்டைக்கு எப்பிடி?"

"பேட்டரி ஐயாவும் பிஸ்கட் ஐயாவும் ஒரே மேசையில இருக்கேல்லை, அக்கா. பிஸ்கட் ஐயா சூப்பைக் குடியாமலே எழும்பிப் போயிட்டார்."

"உண்மையாவோ?"

"கோபத்தில கரண்டியையும் கையோட கொண்டு போயிட்டார்."

"அப்ப தென்னம்பிள்ளை வைக்கலாம்."

இதுவே சிவமலரின் பயிர்முறை. சண்டை முற்றிய ஆண்டுகளில் தென்னை, மா, பலா என்று காலம் எடுத்துக் காய்ப்பவற்றை நடுவார். நால்வரும் ஒன்றாகக் கோல்ஃப் ஆடினார்கள் என்று கேள்விப்பட்டால், கீரை விதைப்பதோடு நிறுத்திக்கொள்வார். கீரை மூன்று வாரங்களில் கைக்கு வந்துவிடும். 1979இல் நடுவதற்கு இடமில்லாமல் வேலியோரம்வரை தென்னை வைத்தார். ஆணி முதலாளியும் பேட்டரி முதலாளியும் ஒருவர்மேலொருவர் வழக்குத் தொடுத்த ஆண்டு அது.

1985இல் நாடெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது. வீடு கட்டுபவர் இல்லாததால் ஆணி விற்கவில்லை. கார் வாங்குபவர் இல்லாததால் பேட்டரி விற்கவில்லை. செழித்த காலத்தில் ஒருவரையொருவர் கடித்தவர்கள், நொடித்த காலத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டனர். பிஸ்கட்டும் சவர்க்காரமும் சேர்ந்து அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கின. 1986 மே மாதத்தில், சிவப்பும் தங்கமுமான அழைப்பிதழ் ஒன்று பலகை வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஆணி முதலாளியின் மகனுக்கும் பேட்டரி முதலாளியின் மகளுக்கும் திருமணம்.

"எங்களையும் மதிச்சு அனுப்பியிருக்கினம்" என்று விநாயகமூர்த்தி மகிழ்ந்தார்.

சிவமலர் அழைப்பிதழை வாசித்து முடித்ததும், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குச் சென்றார்.

"என்ன செய்யிறீர்?"

"வள்ளிக்கிழங்கு கிண்டுறன்."

"அது இன்னும் முத்தேல்லையே. மூண்டு மாசம் கிடக்கு."

"எங்களுக்கும் மூண்டு மாசந்தான் கிடக்கு" என்றார் சிவமலர்.

போட்டிக்கு முந்திய வெள்ளிக்கிழமை, கழகச் செயலாளர் ராதாகிருஷ்ணன் எடைக்கொட்டகைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். தேவையில்லாத நேரத்திலும் கழுத்தில் டை கட்டுபவர். ஆனால் கெட்டவர் அல்லர். கையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கான மீன்களின் எடை அதில் வரிசையாக இருந்தது. 1986: ஆணி முதலாளி, பதினேழரை ராத்தல். 1987: பேட்டரி முதலாளி, பதினெட்டு. 1988: பழனியப்பன், பதினெட்டேகால். அந்த மீன்களுள் சில அப்போது முட்டையிலிருந்தே வெளிவந்திரா.

"அங்கிள், இங்க ஒரு சைன், அங்க ரெண்டு சைன். அவ்ளோதான்."

"மீன் எங்க, தம்பி?"

"மீனெல்லாம் இனிமே சும்மா லா, அங்கிள். எல்லாரும் ஒத்துமையாயிட்டாங்க. முறை வச்சு தலைவரா வரப்போறாங்க."

"அப்ப விதியை மாத்தி எழுதலாமே. என்ர கையெழுத்து எதுக்கு?"

அதற்குக் காரணம் இருந்தது. தலைவர் தேர்வை ஆண்டுதோறும் அரசாங்க அலுவலகம் ஒன்றுக்குத் தெரிவிக்கும்போது, எடைப் புத்தகத்தின் நகலை விநாயகமூர்த்தியின் கையெழுத்தோடு இணைப்பது பன்னிரண்டாண்டுகளாக வழக்கம். திடீரென்று அது இல்லாமற்போனால் யாரேனும் ஏன் என்று கேட்பர் என்று முதலாளிகள் அஞ்சினர். பிறர் கேட்பதற்கு அஞ்சும் வழக்கம் அவர்களிடம் இருந்தது.

விநாயகமூர்த்தி தலையசைத்து மறுத்தார். ராதாகிருஷ்ணன் மறுநாள் பிற்பகல் இன்னொரு கடிதத்தோடு வந்தார். நால்வரும் கையொப்பமிட்டிருந்தனர். தாளில் கையெழுத்திட்டால், விநாயகமூர்த்தியும் மனைவியும் ஆயுள் முழுவதும் அவ்வீட்டில் வசிக்கலாம். இல்லையேல், வேலை முடிவடைகிறது. வேலை முடிந்தால் வீட்டைத் திங்கட்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும்.

விநாயகமூர்த்தி கடிதத்தை மனைவியிடம் கொடுத்தார். சிவமலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஆயுள் முழுதும் எண்டு போட்டிருக்கு. ஆருடைய ஆயுள்?"

"எங்கடதான்."

"இவையளின்ர ஒற்றுமையின்ர ஆயுளோ எண்டு பாத்தன்."

"பகிடி விடாதேயும், மலர். எனக்கு அறுபத்தேழு வயசு. இந்த வயசில உம்மைக் கூட்டிக்கொண்டு ஆருடைய வாசல்ல போய் நிக்கிறது? ஒரு கையெழுத்துத்தானே எண்டும் மனம் சொல்லுது. மீன் வந்து கோட்டில சாட்சி சொல்லப்போகுதோ?"

"போடுறதெண்டால் போடுங்கோ. போடேலாதெண்டால் விடுங்கோ. வீட்டைப் பற்றி மட்டும் என்னைக் கேக்காதேங்கோ."

அதைக் கோபம் என்று விநாயகமூர்த்தி எடுத்துக்கொண்டார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பேனாவுக்கு மட்டும் மை நிரப்பி வைத்தார்.

இவ்விடத்தில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் இக்கதையைச் சொல்பவர்கள், விநாயகமூர்த்தி தாளைக் கிழித்து முதலாளியின் முகத்தில் எறிந்தார் என்கின்றனர். அவர் தம் வாழ்நாளில் ஒரு தாளையும் கிழித்தவரல்லர். கையெழுத்திடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போட்டி நாளன்று காலை வீட்டைவிட்டுக் கிளம்பினேன் என்று அவரே என்னிடம் சொன்னார். கொட்டகைக்குச் சென்றதும், பழக்கத்தின்படி படிக்கற்களை வைத்துத் தராசைச் சோதித்தார். சரியாக இருந்தது. கற்களை எடுத்தார். தட்டு வெறுமையாக நின்றது. முள்ளும் பூச்சியத்தில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே பதினேழரை என்பதற்கு எதிரே கையெழுத்திட அவரால் இயலவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதை வீரம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளலாம்.

அன்று ஒருவரும் படகில் ஏறவில்லை. முதலாளிகள் பத்து மணிக்கே உண்ணத் தொடங்கினர். மீன்களுக்குப் பதின்மூன்றாண்டுகளில் கிடைத்த முதல் விடுமுறை அது. பதினொரு மணிக்கு ராதாகிருஷ்ணன் வந்தார்.

"அங்கிள், உள்ள கேக் வெட்டணும். எல்லாரும் வெயிட்டிங்."

"மீனைக் கொண்டுவரச் சொல்லும், தம்பி."

"மீன் எங்க போயிடும்? ஏரியிலதானே இருக்கு."

"அப்ப அதின்ர எடையும் ஏரியிலதான் இருக்கு."

இரண்டு மணிக்கு மறுபடியும் வந்தார். கேக்கை வெட்டிவிட்டார்கள் என்று சொல்லி ஒரு துண்டையும் கொடுத்தார். விநாயகமூர்த்தி நன்றி சொல்லி உண்டார். நான்கு மணிக்குப் பழனியப்பனே குடை பிடித்தபடி வந்தார்.

"மூர்த்தி, பன்னெண்டு வருஷமா எங்கள ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் அவமானப்படுத்துனீங்க. நாங்க பொறுத்துக்கிட்டோம். இப்ப ஒத்துமையா இருக்கோம். நீங்க சந்தோஷப்பட வேணாமா?"

"சந்தோசம், ஐயா. மீன் கொண்டுவந்தீங்களோ?"

"நீங்க மனுஷனே இல்லய்யா. தராசுக்குக் காற்சட்டை போட்டு விட்டிருக்காங்க!"

பழனியப்பன் சென்ற சற்று நேரத்தில் சிவமலர் வந்தார். அவர் கையில் மீன் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. வீட்டின் பின்புறத்தில் நின்றபடி, கைக்கயிற்றுத் தூண்டிலில் மண்புழுவைக் கோத்துப் பிடித்தது.

"இஞ்சருங்கோ, காலமையிருந்து வெறுந்தட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள். இதையாவது நிறுங்கோ."

விநாயகமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "உள்ளுக்கு என்ன இருக்கு?"

"உங்களுக்கென்ன விசரோ? மீன்!"

அதை எழுதிக்கொண்டு, மூன்று முறை நிறுத்தார். எட்டேமுக்கால் ராத்தல். பிறகு வெட்டித் திறந்து பார்த்தார். உள்ளே மீனைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தத் தட்டில் அப்படி ஒரு மீனை அவர் கண்டு நெடுநாளாகியிருந்தது.

"நல்லது. வெட்டிக் கழுவுற வேலை எனக்கு மிச்சம்" என்றார் சிவமலர்.

புத்தகத்தில் 1986ஆம் ஆண்டுக்குரிய பக்கத்தில் பதிவு பின்வருமாறு உள்ளது: பிடித்தவர், வி. சிவமலர், மொத்த எடை, எட்டேமுக்கால், கழிவு, இல்லை, நிகர எடை, எட்டேமுக்கால். குறிப்பு: இவர் கழக உறுப்பினர் அல்லர்; போட்டிக்குத் தகுதியில்லை.

சிவமலர் அதை எட்டிப் பார்த்தார். "பெஞ்சாதிக்கும் இரக்கம் இல்லை."

"விதி, மலர்."

ஆறு மணிக்குக் கீழே கையெழுத்திட்டுப் புத்தகத்தை மூடி, ராதாகிருஷ்ணனிடம் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த ஆண்டு, அரசாங்க அலுவலகத்துக்குச் சென்ற நகலில் ராதாகிருஷ்ணன் கையெழுத்திட்டார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. முந்திய பன்னிரண்டு ஆண்டுகளின் நகல்களும் அங்கே உறை பிரிக்கப்படாமலே அடுக்கப்பட்டிருந்தன என்று, அங்கே பணியாற்றிய ஒருவர் பிற்காலத்தில் சொல்லிச் சிரித்தார். முதலாளிகளின் ஒற்றுமை இரண்டரை ஆண்டுகள் நீடித்தது. பழனியப்பனின் முறை வந்தபோது மற்ற மூவருக்கும் ஞாபகமறதி ஏற்பட்டது. மறுபடியும் போட்டி வைத்தனர். ஜப்பானிலிருந்து மின்தராசு ஒன்றை வரவழைத்தனர். அது எடையைத் தானே அச்சிட்டுத் தரும். மீனைத் திறந்து பார்க்காது. எல்லாருக்கும் திருப்தி. கழகத்தின் இருபதாண்டு மலரின் ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில் அத்தராசின் வண்ணப்படம் இருக்கிறது.

இவையெல்லாம் பிற்பாடு நடந்தவை. அந்தத் திங்கட்கிழமை காலையில், வாசலில் லோரி ஒன்று வந்து நின்றது. விநாயகமூர்த்தி அழைத்ததன்று. அது வரப்போவதே அவருக்குத் தெரியாது. அவரோ, ஈப்போவிலிருந்த, பதினோராண்டுகள் பேசாமலிருந்த அந்த மைத்துனர் வீட்டில் கொஞ்ச நாள் தங்க இடம் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டிருந்தது. சாமான்களோ ஏற்கெனவே கட்டி முடிந்து, வரிசையாக இருந்தன. சாவியை வாங்க வந்த ராதாகிருஷ்ணனுக்கு முகம் தொங்கிப்போயிருந்தது.

"மனசுக்குக் கஷ்டமா இருக்கு, அங்கிள். எங்க போவீங்க?"

விநாயகமூர்த்தி எழுதி முடியாத கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சிவமலர் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, புதுச் சாவி ஒன்றை எடுத்தார்.

"கிள்ளானுக்கு, தம்பி. மலிவு விலை அடுக்குமாடி. நாலாம் மாடி, லிப்ட் இல்லை. ஏறி வந்தால் தேத்தண்ணி தருவன்."

ராதாகிருஷ்ணனைவிட அதிகமாகத் திகைத்தவர் விநாயகமூர்த்தி. "இது எப்ப தொடக்கம்?"

"எண்பத்து மூண்டில பேர் குடுத்தனான். நகையெல்லாம் அங்கதான் போச்சுது. சாவி போன மாசம் வந்தது."

"மூண்டு வருசமா எனக்குச் சொல்லேல்லையே!"

"சொல்லியிருந்தால், வீடு கிடைச்சிட்டுது, இனி இந்த வீடு வேண்டாம் எண்டு அண்டைக்கே இவைக்குக் கடிதம் எழுதிக் குடுத்திருப்பீங்கள்."

அவர் மறுக்கவில்லை, எழுதியிருப்பார். சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முந்தநாள் இரவு நான் சாப்பிடாமல் கிடந்தனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"அண்டைக்குச் சொல்லியிருந்தால், வீடு இருக்கிற துணிவில போடேல்லை எண்டு ஆயுள் முழுக்க யோசிச்சுக்கொண்டு இருப்பீங்கள். அந்தப் புலம்பலை ஆர் கேக்கிறது?"

லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். சிவமலர் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்து, கணவர் ஏறுவதற்குக் கை கொடுத்தார்.

"சீதனமா வீடு கொண்டுவரேல்லை எண்டு உங்கட அம்மா சாகுமட்டும் சொன்னவா" என்றார். "கொண்டுவந்திட்டன். கதவை இழுத்துச் சாத்துங்கோ, போவம்."